தகரத்தில் ஓர் ஆகாய விமானம்

மண்ணெண்ணெய் டின் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நாலு காலன் பிடிக்கும் சதுர டின். எண்ணெய் தீர்ந்த பிறகுதான் அதற்கு உண்மையான வாழ்வே ஆரம்பமாகும். மேல் தகட்டை வெட்டி எடுத்துக் குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. மூடி போட்டால் அரிசி டின். பக்கத்தில் ஓட்டை போட்டு உள்ளே களிமண் பூசினால் அடுப்பு. முழுவதும் பிரித்து விரித்தால் கோழிக் கூட்டுக்குக் கூரை. அதற்கும் மேல் மிஞ்சிய தகரம் என்ன ஆயிற்று என்று கேட்டால், எங்கள் தூத்துக்குடியில் அது சில சமயம் ஆகாய விமானம் ஆயிற்று.

சிரிக்காதீர்கள். அந்த மாதிரி விமானங்கள் என்னிடம் 41 இருக்கின்றன. மற்ற வீடுகளில் வெள்ளிக் கிண்ணமும் கொலுப் பொம்மையும் பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையும் இருக்கும் கண்ணாடி அலமாரியில், எங்கள் வீட்டில் இவை வரிசையாக நிற்கின்றன. என் கணவர் வெளியே போய்விட்டு வந்தால், "என்ன, ஏரோட்ரோமில் காப்பி உண்டா?" என்றுதான் கேட்பார். புதிதாக வரும் பெண்கள், "பேரனுக்கு வாங்கினதா, மாமி?" என்பார்கள். "இல்லை, எனக்கு" என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் பத்து வாங்கலாம்.

எல்லாம் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. சில பனிமய மாதா கோயில் திருவிழாக் கடைகளில். சில திருநெல்வேலி, மதுரைப் பழைய சாமான் கடைகளில். ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. அதன் உடம்பு முழுவதும் மலிபன் பிஸ்கட் டின்.

கடையில் விற்கும் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை விமானங்களை நான் சேர்ப்பதில்லை. அவை இயந்திரத்தில் அச்சடித்து, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வருகிறவை. என் விமானங்களைச் செய்தவர்கள் புனல், எண்ணெய் அளக்கும் படி, சிமினி விளக்கு செய்து விற்ற தகர வேலைக்காரர்கள். கைவேலை குறைந்த மத்தியான நேரத்தில் வெட்டுத் துண்டுகளை எடுத்து இதைச் செய்வார்கள். அவர்களில் பலர் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பார்கள்? எங்கள் ஊர் கப்பல் ஊர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்த பிறகு அந்தக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. 1938-ல் டாடா விமானத் தபால் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டபோதும் எங்கள் ஊருக்கு அதில் பங்கில்லை. வாகைக்குளத்தில் விமான நிலையம் வந்தது 1992-ல்தான்.

அதனால் என் அலமாரியில் உள்ள பழைய விமானங்களில் கப்பல் வாடை அடிக்கும். ஒன்றின் வால் அப்படியே தோணியின் சுக்கான். இன்னொன்றுக்குக் கப்பலில் இருப்பது போல் வட்ட ஜன்னல்கள், அதற்குக் கீழே ஒரு நங்கூரம். ஆகாயத்தில் எதற்கு நங்கூரம்? செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். உடம்பு ஒரே துண்டு. புனல் செய்வது போல் சுருட்டி, ஓரத்தோடு ஓரத்தை மடக்கிச் சேர்த்து, மேலே ஈயம் ஓட்டுவார்கள். இறக்கையும் ஒரே துண்டுதான். கையை அறுக்காமல் இருப்பதற்காக அதன் விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தட்டியிருப்பார்கள். நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் வித்தியாசம் அந்த மடிப்பில்தான் தெரியும்; புடவைக்கு ஓரம் அடிப்பதைப் பார்த்துத் தையல்காரரை எடை போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி. மூக்கில் சுழலும் விசிறிக்கு அச்சு ஓர் ஆணி. விசிறிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு பாசிமணியைக் கோத்துவிடுவார்கள், உரசாமல் சுழலுவதற்கு. இரண்டு இதழையும் எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் திருகிவிட்டால் கடற்காற்றில் கிர்ரென்று சுற்றும். சக்கரங்கள் கலர் பாட்டில் மூடிகள்.

முக்கியமான விஷயம் தகரத்தின் மேல் இருக்கும் அச்சு. விமானத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் வயிற்றைத்தான். செய்தவர் தம் பெயரை எங்கும் எழுதவில்லை. ஆனால் டின் எல்லாவற்றையும் சொல்லிவிடும். டால்டா டின்னின் பச்சைத் தென்னை மரம் ஓர் இறக்கையில் தலைகீழாக நிற்கிறது. இன்னொன்றின் முதுகில் 'எஸ்ஸோ'. அந்தப் பெயர் இந்தியாவில் 1962-ல் வந்து 1974-ல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பர்மா ஷெல் 1928 முதல் 1976 வரை. எடை பவுண்டு, அவுன்ஸில் இருந்தால் 1962-க்கு முந்திய தகரம் என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்த ஏப்ரலிலிருந்துதான் கிலோ கணக்கு கட்டாயமாயிற்று. விலாசத்தில் 'மதராஸ் ராஜ்யம்' என்று இருந்தால் அது 1969-க்கு முந்தியது. ஊர்ப் பெயரோடு ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது.

இதில் ஒரு பொடி வைத்திருக்கிறது. டின்னின் வயது விமானத்தின் வயது அல்ல. நம் வீடுகளில் ஒரு டின் இருபது வருஷம் அரிசி சுமந்த பிறகுதான் தகரக்காரரிடம் போகும். ஆகவே 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்று மட்டுமே டின் சாட்சி சொல்லும். எப்போது செய்தது என்பதற்கு வீட்டுப் பாட்டிகளைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. யுத்தத்தில் தோற்ற ஜப்பானில், 1945 டிசம்பரில், ஓட்சு என்ற ஊரில் கொசுகே மாட்சுஸோ என்ற பொம்மைக்காரர், அமெரிக்கப் பட்டாளம் தின்றுவிட்டு எறிந்த உணவு டின்களைப் பொறுக்கிக் கழுவி, சின்ன ஜீப் செய்தார். விலை 10 யென். கடையில் வரிசை நின்று வாங்கினார்களாம். பிற்பாடு உலகம் முழுவதும் போன ஜப்பான் தகரப் பொம்மைகளுக்கு அதுதான் மறு ஆரம்பம். ஊரைப் பிடித்த பட்டாளத்தின் டின்னில் அந்தப் பட்டாளத்தின் வண்டியையே செய்து தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு ஏனோ தொண்டை அடைக்கிறது.

இப்போது என் விமானங்களில் மூத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்க அழகில்லாதது. சாண் நீளம்கூட இல்லை. விற்றால் நாலு காசு பெறாது.

1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்தது. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. கல்லைப் பிடித்துக்கொண்டு பாருக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள். எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே விற்பார்கள். உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம், லாட்டரிச் சீட்டுதான். 1961-ல் எனக்கு எட்டு வயது. துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அந்த வருஷம் துணிந்து நூறு சிப்பி வாங்கி வந்துவிட்டார்!

சிப்பியை உயிரோடு பிளந்து பார்க்க மாட்டார்கள். அழுகவிட்டுத்தான் கழுவிப் பார்ப்பது. அப்பா கொல்லையில் இருந்த பர்மா ஷெல் டின்னில் சிப்பிகளைப் போட்டு மூடி வைத்தார். மூன்றாம் நாள் அடுத்த வீட்டார் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. எட்டாம் நாள் கழுவிப் பார்த்ததில் கடுகு போல ஏழெட்டு முத்துக்கள். அம்மா அவற்றைக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தாள். அவ்வளவுதான் எங்கள் முத்து வியாபாரம். அதற்கப்புறம் அந்த மாதிரிச் சலாபமும் நடக்கவில்லை.

மிஞ்சியது டின். உப்புத் தண்ணீரும் அழுகலும் சேர்ந்து அதன் அடிப்பக்கம் அரித்துவிட்டது. இனி அரிசி போட ஆகாது. "தகரக்காரரிடம் கொடுத்துப் பையனுக்கு ஏரோப்ளேன் செய்து வா" என்றார் அப்பா. அம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணனும் நானும் கூடவே ஓடினோம். தகரக்காரர் நல்ல மேல் பக்கத்தை வெட்டி, சிப்பி முத்திரை சரியாக இறக்கையின் நடுவில் வரும்படி ஒரு விமானம் செய்தார். முத்துக் குளிக்கும் ஊரில் சிப்பி போட்ட விமானம்! அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைக்கு விமானம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எனக்குச் சொப்பு இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "அண்ணாச்சி, மிச்சத் தகரத்துல பிள்ளைக்கும் ஒண்ணு வெட்டிக் கொடுங்க" என்றாள்.

"கீழ்ப் பக்கந்தான் கெடக்கு தாயி. உப்பு அரிச்சிருக்கு. ரொம்ப நாள் தாங்காதே."

"தாங்குற மட்டும் தாங்கட்டும். அவ மட்டும் என்ன, வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

அப்படித்தான் என் விமானம் வந்தது. முத்திரை இல்லை, பிறக்கும்போதே இறக்கையில் துருப் புள்ளிகள்.

அண்ணனுடைய விமானம் எங்கள் அத்தையின் கண்ணில் பட்டது. அத்தைக்கு எதுவும் பளபளவென்று இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கோடு அதையும் சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். முதலில் சிப்பி முத்திரை போயிற்று. பிறகு வெள்ளைப் பூச்சு போயிற்று. பிறகு துரு. இரண்டே வருஷத்தில் அது பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தது. என் விமானத்தை, அண்ணன் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக, அம்மா அடுப்பங்கரை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். எப்போதாவது தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது அந்தத் துணியாலேயே அதையும் ஒரு தடவை துடைப்பாள். அது இன்றும் இருக்கிறது.

ஏன் இப்படி என்று வெகு காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தகரம் என்று நாம் சொல்வது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயப் பூச்சு. ரசத்துக்கு வைத்திருக்கிறோமே ஈயச் சொம்பு, அதே உலோகம். 232 டிகிரி சூட்டில் உருகிவிடும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்து இழந்தவர்களுக்கு இது தெரியும். பூச்சு முழுசாக இருக்கும் வரையில் இரும்புக்குக் கவசம். எங்காவது ஒரு கீறல் விழுந்துவிட்டால் கதை மாறிவிடும்: ஈயம் தன்னைக் காத்துக்கொண்டு இரும்பை முன்னால் தள்ளிவிடும். பூச்சே இல்லாத இரும்பைவிட அந்தக் கீறலில் துரு வேகமாக இறங்கும். துத்தநாகம் பூசிய வாளி அப்படியல்ல. அங்கே கீறல் பட்டாலும் துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். துறைமுகத்தில் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதற்காகத்தான். குடும்பத்தில் இரண்டு ரகமும் உண்டு என்று என் கணவர் சொன்னார். நான் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் இந்த வேலை இன்னும் மும்முரமாக நடக்கும். எங்கள் ஊரில் மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். தூத்துக்குடியில் தகரம் சேர்ப்பதும் எறும்புப் புற்றின் மேல் சர்க்கரை சேர்ப்பதும் ஒன்றுதான். அத்தையின் புளி ஈயப் பூச்சைக் கரைத்தது. சாம்பல் அதைச் சுரண்டியது. அம்மாவின் அடுப்பங்கரையிலோ விறகுச் சூட்டில் காற்று எப்போதும் காய்ந்தே இருந்தது. மெஷின் எண்ணெய் ஒரு மெல்லிய தோலாக மேலே நின்றது. அரித்த தகரம் பிழைத்தது, நல்ல தகரம் போயிற்று.

நானும் அதையேதான் செய்கிறேன். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்த்தி, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் ஆகாது. சிக்குப் பிடித்து நாறும். மருந்துப் பெட்டியிலும் கைப்பையிலும் 'தின்னாதே' என்று எழுதி வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அலமாரி மூலையில் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், "நல்லாத் தேய்ச்சு ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா விலை கூடும்மா" என்றார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

என்ன துடைத்தும், என் மூத்த விமானத்தின் இடது இறக்கை சென்ற மழைக்காலத்தில் சல்லடையாகிவிட்டது. கையில் எடுத்தால் பொடி உதிர்ந்தது. பழைய தகரக்காரரின் மகன் இன்னும் தொழில் செய்கிறார். அவரிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இறக்கைய மாத்திப்புடலாம் அக்கா. அரை மணி வேலை. ஆனா அப்புறம் இது எங்க அப்பா செஞ்ச பிளேனா, நான் செஞ்ச பிளேனா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாற்றினால் இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். ஆனால் சிப்பி அழுகிய அந்தத் தகரம் போய்விடும். மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கு இறக்கையே இராது. ஈயம் வைத்து ஒட்டு போடலாமா என்றால், துருவின் மேல் ஈயம் பிடிக்காது. "விட்டுட்டுப் போங்க, யோசிக்கிறேன்" என்றார். நாலு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு தகரத் துண்டுக்கா என்று நீங்கள் கேட்கலாம். அம்மா எனக்காக வாய் திறந்து கேட்டு வாங்கியது வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஐந்தாம் நாள் போனேன். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னிலிருந்து ஒரு புது இறக்கையை வெட்டி, பழையதன் அடியில் கொடுத்து, விளிம்பை மட்டும் மேலே மடக்கிப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு ஈயம் இல்லை. வேண்டாமென்றால் நகத்தால் நிமிர்த்திக் கழற்றிவிடலாம். பழைய துரு இறக்கை புது இறக்கையின் மடியில் படுத்திருக்கிறது.

ஒரு வார்த்தை. இவற்றைச் சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ஒட்டுகிற ஈயத்தில் காரீயம் கலந்திருக்கும். வாயில் வைத்தால் விஷம். பெரிய பிள்ளைகளானால் விசிறியைச் சுற்றிப் பார்க்கட்டும். விமானத்துக்கும் அதுதான் பிடிக்கும். தீபாவளிக்குப் பரண் ஒழிக்கும்போது உங்கள் வீட்டில் அப்படி ஒன்று அகப்பட்டால், புளியைக் கையில் எடுக்காதீர்கள்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பலகைக்குக் கீழேயிருந்து இன்னொரு விமானத்தை எடுத்து வைத்தார். 2025 ஜூலை 26-ல் வாகைக்குளத்தில் புதிய முனையக் கட்டடம் திறந்தார்கள் அல்லவா, அதைப் பார்க்கப் போன அவருடைய பேரன் வேலி ஓரமாக நின்று போனில் படம் எடுத்து வந்திருக்கிறான். ஏ.டி.ஆர். விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி. நம் தகர விமானங்களுக்கு எப்போதும் இரண்டு இதழ்தான் வழக்கம். இவர் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இதழ் வெட்டியிருந்தார்.

"ஆறையும் ஒரே மாதிரித் திருகுறதுக்குள்ள விரல் போச்சு அக்கா" என்றார்.

வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். சூரியகாந்தி எண்ணெய், 15 கிலோ, பின்கோடு எல்லாம் இருக்கிறது. 42-வது.